செகண்ட் ஹேண்ட் டைவிங் ஜாக்கெட்: பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி லீக் எங்கேன்னு பாருங்க



மார்ச் மாசம் வந்தா எங்க ரமணாசிரமம் ஏரியாவுல ஒரு தனி மார்க்கெட் ஆரம்பிச்சிடும். கார்த்திகை தீபம், ரமண ஜெயந்தின்னு வந்து செங்கம் ரோடு பக்கம் வீடு எடுத்துத் தங்கினவங்க, வெயில் ஏற ஏற ஊருக்குக் கிளம்புவாங்க. சைக்கிள், இண்டக்ஷன் அடுப்பு, மெத்தை, டேபிள் ஃபேன் எல்லாம் பாதி விலைக்கு வாட்ஸ்அப் குரூப்ல வரும். எப்பவாவது ஒண்ணு, மலையடிவாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத சரக்கும் வரும்: ஸ்கூபா டைவிங் கியர். இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியா புதுச்சேரி நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே டெம்பிள் அட்வென்ச்சர்ஸ் மாதிரி டைவ் சென்டர்கள் இருக்கு, கடலுக்கடியில டெம்பிள் ரீஃப்னு மனுஷங்களே உருவாக்கின செயற்கைத் திட்டு இருக்கு. அதனால ஆசிரமத்துல தியானம், வார இறுதியில டைவிங்னு இருக்குற ஆட்களும் இங்கே உண்டு.

இந்த வருஷம் அப்படி வந்த ஒரு ஜாக்கெட்டைப் பத்தித்தான் இந்தப் பதிவு. எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிக்கிள்ஷிப் முடிச்சுட்டு இப்போ சென்னையில ஒரு கம்பெனியோட ஃபைனான்ஸ் டீம்ல இருக்குற தம்பி, பௌர்ணமி லீவுக்கு வந்தப்போ கேட்டார். "சார், பதினெட்டாயிரம் சொல்றாங்க. புதுசு ரெண்டு மடங்குக்கு மேல. செம டீல் இல்ல?"

டீலா இல்லையான்னு போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா ஒரு பக்கெட் தண்ணி, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கிற லிக்விட், ஒரு ராத்திரி, இது மூணும் இருந்தா முக்கால்வாசி சொல்லிடலாம். மீதி கால்வாசிக்கு மட்டும் டைவ் சென்டர் போகணும். எதை வீட்டுல பார்க்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு தெரிஞ்சுக்கிறதுலதான் காசும் இருக்கு, உசுரும் இருக்கு.

முதல்லயே சொல்லிடறேன். நான் ஆடிட்டர், டைவிங் டெக்னீஷியன் கிடையாது. புதுச்சேரியில கோர்ஸ் முடிச்சு அப்பப்போ டைவ் பண்றேன். இதுல வர்ற சோதனை முறையெல்லாம் அங்கே கியர் ரூம்ல வேலை செய்யுறவங்ககிட்ட பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டது.

பிசிடின்னா என்ன?

டைவ் பண்ணாதவங்களுக்காக ரெண்டு வரி. பாயன்சி கண்ட்ரோல் டிவைஸ், சுருக்கமா பிசிடி. முதுகுல சிலிண்டரைத் தாங்குற ஜாக்கெட், அதுக்குள்ள ஒரு காற்றுப்பை. இடது தோள்ல இருந்து தொங்குற நெளிவு ஹோஸ் முனையில இன்ஃப்ளேட்டர்னு ஒரு கைப்பிடி. ஒரு பட்டனை அழுத்தினா சிலிண்டர் காற்று பைக்குள்ள போகும், மேலே வருவீங்க. இன்னொரு பட்டனை அழுத்தினா காற்று வெளியேறும், கீழே போவீங்க. தோள்லயும் இடுப்புக்குப் பின்னாடியும் டம்ப் வால்வு இருக்கும். கயிறை இழுத்தா காற்று வெளியே போகும். பை அளவுக்கு மேல உப்பினா, வெடிக்காம இருக்க ஒரு வால்வு தானா திறந்து மூடிக்கும்.

இதை லைஃப் ஜாக்கெட்னு நினைச்சிடாதீங்க. மயங்கிப் போன ஆளோட முகத்தைத் தண்ணிக்கு மேல வெச்சிருக்கும்னு பெரும்பாலான பிசிடிக்கு உத்தரவாதம் கிடையாது. இது தண்ணிக்குள்ள உங்க லிஃப்ட், அவ்வளவுதான்.

லீக் ரெண்டு வகை

பிசிடி லீக்னு சொன்னதும் எல்லாரும் நினைக்கிறது, காற்று வெளியே போறதை. அது ஒரு வகை. தண்ணிக்கு அடியில மெதுவா மிதப்பு குறையும், நீங்க திரும்பத் திரும்ப பட்டன் அழுத்துவீங்க, சிலிண்டர் காற்று வீணாகும், மேலே வந்து படகுக்காகக் காத்திருக்கும்போது ஜாக்கெட் தொளதொளன்னு ஆகும். தொல்லைதான், சில நேரம் ஆபத்தும்தான். ஆனா கவனிக்க டைம் கிடைக்கும்.

ரெண்டாவது வகை, காற்று உள்ளே வர்ற லீக். இன்ஃப்ளேட்டருக்குள்ள ஒரு சின்ன வால்வு இருக்கு, கார் டயர் வால்வு பின் மாதிரியே. அதுல உப்பு படிஞ்சோ, துரு ஏறியோ, சீட் தேய்ஞ்சோ போனா, நீங்க பட்டனைத் தொடாமலே சிலிண்டர் காற்று பைக்குள்ள கசியும். சில நேரம் பட்டன் அழுத்தின இடத்துலயே சிக்கிக்கும். இது ஏன் பயங்கரம்னா, கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுது. 20 மீட்டர்ல மொத்தம் 3, 10 மீட்டர்ல 2, மேற்பரப்புல 1. அதாவது 20-ல இருந்து 10-க்கு வரும்போது பைக்குள்ள இருக்குற காற்று ஒண்ணரை மடங்காகும், 10-ல இருந்து மேலே வரும்போது இன்னும் ரெண்டு மடங்காகும். கொஞ்சம் மேலே போனா காற்று விரியும், விரிஞ்சா இன்னும் வேகமா மேலே போவீங்க. கூட்டு வட்டி மாதிரி, ஆனா உங்களுக்கு எதிரா. இந்த வேகத்துல மூச்சை அடக்கிட்டு மேலே வந்தா நுரையீரல் கிழியலாம், டிகம்ப்ரஷன் நோய் வரலாம்.

அதனால பேரம் பேசுறப்போ இந்த ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. வெளியே போற லீக் பணப் பிரச்சினை. உள்ளே வர்ற லீக் அப்படி இல்ல.

மொட்டை மாடி டெஸ்ட்

தம்பி விற்கிறவங்ககிட்ட பேசி, ரெண்டு நாள் டெஸ்ட் பண்ணிட்டுத் தர்றேன்னு ஜாக்கெட்டை வாங்கிட்டு வந்தார். இதுக்கு ஒத்துக்காதவங்ககிட்ட நீங்க வாங்காம இருக்கிறதே நல்லது.

முதல்ல தண்ணி இல்லாம, கண்ணாலயும் காதாலயும். ஜாக்கெட்டைக் காதோரம் வெச்சு குலுக்குங்க. சரசரன்னு சத்தம் வந்தா உள்ளே உப்புக் கல்லோ மணலோ இருக்கு, முன்னாடி வெச்சிருந்தவர் கடல்ல இருந்து வந்து உள்பக்கம் கழுவலை. நெளிவு ஹோஸை லேசா இழுத்து, மடிப்புக்கு நடுவுல விரிசல் இருக்கான்னு பாருங்க. சும்மா தொங்கும்போது தெரியாது, இழுத்தாத்தான் வாயைத் திறக்கும். ஒரு டம்ப் வால்வைக் கழட்டி டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. பையோட உள்பூச்சு தோல் உரிஞ்ச மாதிரி செதில் செதிலா வந்தாலோ, உள்பக்கம் ஒட்டுற மாதிரி பிசுபிசுன்னு இருந்தாலோ அதோட நிறுத்திக்கோங்க. பூச்சு போன பைக்கு ரிப்பேர் கிடையாது. ஒரு இடத்துல ஒட்டினா அடுத்த மாசம் இன்னொரு இடத்துல விடும். அந்த ஜாக்கெட் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைச்சாலும் நஷ்டம்.

தம்பி கொண்டு வந்ததுல பூச்சு நல்லா இருந்துச்சு. உப்பு மட்டும் கொஞ்சம் கொட்டுச்சு.

அடுத்தது ஊதுறது. இன்ஃப்ளேட்டர்லயே வாயால ஊதுற இடம் இருக்கும். நல்லாக் கழுவிட்டு ஊதுங்க, ஊதின பிறகு அதுல இருந்து மூச்சை உள்ளே இழுக்காதீங்க. பழைய பைக்குள்ள பூஞ்சை வளர்ந்திருக்கலாம். முடிஞ்ச வரைக்கும் இறுக்கமா ஊதிட்டு, நிழல்ல படுக்க வெச்சு, மணியைக் குறிச்சு வெச்சுட்டு விட்டுடுங்க. மறுநாள் காலையில பாருங்க.

இங்கே எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் மதியம் கிரிவலப் பாதையில செருப்பில்லாம நின்னவங்களுக்குத் தெரியும், இந்த மலையோட சூடு என்னன்னு. மதியம் 38 டிகிரியில ஊதி, விடியக்காலை 26 டிகிரியில பார்த்தா, லீக்கே இல்லாம காற்றோட கன அளவு கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைஞ்சிருக்கும். ஜாக்கெட் லேசாத் தளர்ந்து தெரியும். அதை லீக்னு சொல்லி விலையைக் குறைக்கச் சொன்னா நியாயம் இல்ல. சாயங்காலம் ஊதி வீட்டுக்குள்ள வெச்சு, காலையில பாருங்க. தளர்ந்திருந்தாலும் அமுக்கினா எதிர்த்து நின்னா பரவாயில்லை, துணி மாதிரி சப்பையாக் கிடந்தா லீக் உறுதி. நம்ம ஜாக்கெட் காலையில பாதி சப்பை.

இப்போ எங்கேன்னு கண்டுபிடிக்கணும். சைக்கிள் கடை அண்ணன் டியூபைத் தண்ணித் தொட்டியில முக்கிப் பார்ப்பாரே, அதே டெக்னிக். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. உப்பின பிசிடி 15 கிலோ வரைக்கும் மேலே தூக்கும், முழுசா அமுக்க உங்களால முடியாது. பெரிய அண்டாவுல பகுதி பகுதியா முக்குங்க. முக்கினதும் எல்லா இடத்துலயும் குமிழி வரும், பதறாதீங்க. துணியிலயும் பேடிங்லயும் மாட்டியிருக்குற காற்று அது. ரெண்டு நிமிஷம் கையால தடவி விட்டு, அடங்கின பிறகும் ஒரே புள்ளியில இருந்து வரிசையா குமிழி வந்தா அதுதான் லீக். தண்ணியில முக்க முடியாத இடத்துக்கு சோப்புத் தண்ணியை ஸ்ப்ரே பண்ணுங்க, நுரை வீங்கும்.

எந்த வரிசையில பார்க்கணும்? முதல்ல வால்வுகள், அப்புறம் ஹோஸ் ரெண்டு முனையும் சேருற இடம், இன்ஃப்ளேட்டர் பட்டன்கள், அப்புறம் தையல் ஓரம், கடைசியாத்தான் துணி. பயந்து போய் எல்லாரும் முதல்ல துணியிலதான் ஓட்டை தேடுவாங்க. கியர் ரூம்ல இருக்குறவங்க நேரா வால்வுக்குப் போவாங்க, பெரும்பாலும் அங்கேயே வேலை முடிஞ்சிடும்.

சில மாடல்கள்ல வெளியே ஒரு முரட்டுத் துணிப்பை, உள்ளே தனியா ஒரு காற்றுப்பை இருக்கும். அதுல குமிழி வெளியே வர்ற இடம் ஒண்ணு, ஓட்டை இருக்குற இடம் வேற ஒண்ணு. காற்று உள்ளுக்குள்ளயே நகர்ந்து போய் ஜிப் வழியாவோ தையல் வழியாவோ வரும். டிரையல் பேலன்ஸ்ல வித்தியாசம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல நிக்கிற மாதிரிதான் இது. தப்பு அங்கே இல்ல. ஜிப்பைத் திறந்து உள்பையை வெளியே எடுத்து, அதைத் தனியா முக்கிப் பாருங்க.

நம்ம ஜாக்கெட்ல ரெண்டு இடம் சிக்குச்சு. இடுப்புக்குப் பின்னாடி இருக்குற டம்ப் வால்வுல நல்ல கசிவு. வலது பாக்கெட்டுக்குக் கீழே துணியில ஒரு ஊசித்துளை, நிமிஷத்துக்கு நாலஞ்சு குமிழி.

எதை நாமளே சரி பண்ணலாம்?

டம்ப் வால்வு சுலபம். கையாலயே திருகிக் கழட்டலாம், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சீட், அடியில ஒரு கேஸ்கெட். கழட்டும்போது ஸ்பிரிங் துள்ளி மாடியில இருந்து கீழே போயிடும், அடியில ஒரு துண்டு விரிச்சுக்கோங்க. சீட்டுக்கு அடியில ஒரு மணல் துகளோ, ஒரு தலைமுடியோ இருந்தாப் போதும், வால்வு முழுசா மூடாது. நம்ம ஜாக்கெட்ல இருந்தது உப்பு. வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் வினிகர் கலந்து ஊற வெச்சு, மெத்தையான பிரஷ்ஷால தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசினா போயிடும். ரப்பர் சீட் நெளிஞ்சிருந்தாலோ ஸ்பிரிங் துருப்பிடிச்சிருந்தாலோ மாத்திடணும். திருப்பி மாட்டுறப்போ ஒரு ட்ரிக்: முதல்ல எதிர்ப்பக்கம் மெதுவாத் திருகுங்க, ஒரு சின்ன 'டக்' வரும், அங்கிருந்து சரியான பக்கம் திருகுங்க. பிளாஸ்டிக் மரை சாய்ஞ்சு ஏறினா வால்வே போச்சு. ஸ்பேனர் வேண்டாம், கை இறுக்கம் போதும்.

ஓ-ரிங், கேஸ்கெட்டுக்கெல்லாம் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு. வாசலின், தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் எதுவும் கிட்ட வரக்கூடாது. பெட்ரோலியம் கலந்தது ரப்பரை உப்ப வெச்சுக் கெடுத்துடும்.

ஊசித்துளைக்குப் பொறுமை வேணும். இடத்தை மார்க்கர்ல வட்டம் போட்டு, ஜாக்கெட்டை ஒரு நாள் முழுக்க நிழல்ல காய விடுங்க. ஈரம் இருந்தா எந்தப் பசையும் நிக்காது. சர்ஜிக்கல் ஸ்பிரிட் மாதிரி ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால துடைச்சு, நைஸ் உப்புத்தாளால லேசாச் சொரசொரப்பாக்குங்க. அக்வாசீல் மாதிரி வளையக்கூடிய யூரித்தேன் பசை வேணும். தடவுறதுக்கு முன்னாடி பைக்குள்ள இருக்குற காற்றை வெளியே அமுக்கி எடுத்துடுங்க. தடவினதும் பையை லேசா உள்ளே இழுக்குற மாதிரி காற்றை உறிஞ்சி எடுத்தா, பசை ஓட்டைக்குள்ள இறங்கும். இதுக்கு வாயை விட சின்ன கை பம்ப் நல்லது. துளையைச் சுத்தி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூசிட்டு 24 மணி நேரம் தொடாதீங்க.

ஃபெவிக்விக் போடாதீங்க. காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆகி, துணி வளையும்போது வெடிச்சிடும். பஞ்சர் சொல்யூஷனும் வேண்டாம், அது டியூப் ரப்பருக்குச் செஞ்சது, பிசிடி பையோட பாலியூரித்தேனை நம்பிக்கையாப் பிடிக்காது. தையல் ஓரத்துல நீளமாப் பிரிஞ்சிருந்தா அது வெல்டிங் விட்டுப்போன இடம். வீட்டு வேலை இல்ல, பல நேரம் டெக்னீஷியனும் கையை விரிச்சிடுவார்.

இன்ஃப்ளேட்டரைத் தொடாதீங்க

நம்ம தம்பிக்கு நாலு ஸ்க்ரூ கழட்டினதும் தைரியம் வந்துடுச்சு. "சார், யூடியூப்ல இன்ஃப்ளேட்டர் பிரிக்கிற வீடியோ இருக்கு, பார்த்துப் பண்ணிடலாமா?" இல்ல. வீடியோ சேனல் நடத்துற நானே சொல்றேன், இல்ல.

இதை வீட்டுல டெஸ்ட் கூட முழுசாப் பண்ண முடியாது. ரெகுலேட்டர்ல இருந்து வர்ற லோ பிரஷர் ஹோஸ்ல கிட்டத்தட்ட 10 பார் அழுத்தம் இருக்கும், நம்ம வாய்க்காற்று அதுக்குப் பக்கத்துல கூட வராது. வாயால ஊதினப்போ ஒழுங்கா இருந்த இன்ஃப்ளேட்டர், சிலிண்டரை மாட்டினதும் கசியலாம். அதனால டைவ் சென்டர்ல சிலிண்டர் மாட்டி, பையைக் காலி பண்ணி, எந்தப் பட்டனையும் தொடாம பதினஞ்சு நிமிஷம் விடச் சொல்லுங்க. பை தானா உப்ப ஆரம்பிச்சா, அதுதான் நான் மேலே சொன்ன ரெண்டாவது வகை. அப்புறம் பட்டனை இருபது முப்பது தடவை அழுத்தி விடணும், ஒவ்வொரு தடவையும் உடனே திரும்பி வரணும். கடைசியா, அளவு தாண்டி உப்பினா தானா திறக்குற வால்வு, திறந்து மறுபடி மூடுதான்னும் பார்க்கணும்.

புதுச்சேரியில பார்த்தப்போ, பட்டன் ஏழெட்டுத் தடவைக்கு ஒரு தடவை அரை நொடி லேட்டாத் திரும்புச்சு. விற்கிறவர் பொய் சொல்லலை, அவருக்கே தெரியலை. "நான் ஒரு வருஷமா இதைப் பயன்படுத்தவே இல்ல"ன்னார். பயன்படுத்தாததுதான் பிரச்சினை. உப்பு சும்மா இருக்காது, உட்கார்ந்த இடத்துல இறுகும்.

அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் கிடைக்கலை, அதனால இன்ஃப்ளேட்டரையே மாத்துறதுன்னு முடிவாச்சு. சாதாரண இன்ஃப்ளேட்டருக்கு மாற்று பெரும்பாலும் கிடைக்கும். ஆனா சில ஜாக்கெட்ல இன்ஃப்ளேட்டர்லயே மூச்சு விடுற ரெகுலேட்டரும் சேர்ந்திருக்கும், அதோட ஹோஸ் கனெக்டர் அளவே வேற. அதை வாங்கினா ரெகுலேட்டர் சர்வீஸ் செலவும் சேர்த்தே வாங்குறீங்க. வால்வு பின் பார்க்க ஒரே மாதிரி இருக்குன்னு பைக் கடையில வாங்கி மாட்டுற வேலையும் வேண்டாம்.

இன்னொண்ணு: ஜாக்கெட்ல மாடல் பேரும் சீரியல் நம்பரும் இருக்கும். கம்பெனி வெப்சைட்ல ரீகால் இருக்கான்னு தேடுங்க. அமெரிக்காவுல இன்ஃப்ளேட்டர் சிக்கிக்கிற கோளாறுக்காகவே சில பிசிடி மாடல்களைத் திரும்ப வாங்கியிருக்காங்க.

உண்மையான விலை எவ்வளவு?

இப்போ நம்ம ஏரியா. ஒரு சொத்தை வாங்கினா அதோட காஸ்ட் என்ன? அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு ஏ.எஸ். 10 சொல்றது, வாங்கின விலை மட்டும் இல்ல, அதைப் பயன்படுத்துற நிலைக்குக் கொண்டு வர நேரடியா ஆன செலவும் காஸ்ட்தான். பழைய மெஷினை வாங்கி, ஓட்டுறதுக்கு முன்னாடியே ரிப்பேர் பண்ணினா அதை 'ரிப்பேர்ஸ்'னு செலவுல எழுத முடியாது, மெஷின் விலையோட சேரும். ஆர்ட்டிக்கிள்ஷிப்ல தம்பியே இதை நூறு தடவை பாஸ் பண்ணியிருப்பார். சொந்தக் காசுன்னு வரும்போது மட்டும் நாம விலைப் பலகையைத்தான் பார்க்கிறோம்.

கணக்கு இப்படி வந்துச்சு. புது இன்ஃப்ளேட்டர் மாட்டுற கூலியோட ரூ.4,500. வால்வு கேஸ்கெட், ஓ-ரிங் ரூ.600. பசை ரூ.900. பஸ் செலவு ரூ.500. ஆக ரூ.6,500. சொன்ன விலைக்கே வாங்கியிருந்தா ரூ.24,500 ஆகியிருக்கும். தம்பி இந்த லிஸ்டை அப்படியே எழுதி, குமிழி வர்ற வீடியோவோட விற்கிறவர்கிட்ட காட்டினார். "குறைச்சுக் கொடுங்க"ன்னு கெஞ்சுறதை விட இது நல்லா வேலை செய்யும். ரூ.11,000-ல முடிஞ்சுது. தம்பியோட புத்தகத்துல ஜாக்கெட்டோட விலை ரூ.17,500.

பேரத்தை ஏன் முன்னாடியே முடிக்கணும்னா, பின்னாடி உங்களுக்குச் சட்டத் துணை ரொம்பக் கம்மி. 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. சி.ஏ. படிச்சவங்களுக்கு 'கேவியட் எம்ப்டார்' ஞாபகம் வரும். பொருளோட தரத்துக்குப் பொதுவா மறைமுக உத்தரவாதம் கிடையாது. விதிவிலக்கு பெரும்பாலும் அந்தப் பொருளையே வியாபாரம் பண்றவங்ககிட்ட வாங்கும்போதுதான். அடுத்த வாரம் ஃப்ளைட் ஏறப்போற தனி நபர்கிட்ட வாங்கிட்டு, மூணு மாசம் கழிச்சு யாரைப் பிடிப்பீங்க? யு.பி.ஐ.-ல பணம் அனுப்புங்க, சீரியல் நம்பரோட ரெண்டு வரி மெசேஜ்ல வாங்கிக்கோங்க. திருட்டுப் பொருள்னு பின்னாடி யாராவது கேட்டா அதாவது கையில இருக்கும்.

சொந்தமா வாங்கணுமா?

இங்கேதான் தம்பியோட முகம் வாடுச்சு. நம்ம ஊர் டைவ் சென்டர்கள்ல பெரும்பாலும் டைவ் கட்டணத்துலயே கியர் வாடகை சேர்ந்திருக்கும். நீங்க சொந்த பிசிடி கொண்டு போனா எவ்வளவு குறைப்பாங்க? இந்த ஒரு கேள்வியைக் கேட்காம யாரும் வாங்காதீங்க. சில இடத்துல ஒரு ரூபாய் கூடக் குறைக்க மாட்டாங்க.

ஒரு டைவுக்கு ரூ.500 குறையுதுன்னு வெச்சுக்குவோம். வருஷ சர்வீஸ் ரூ.2,000-ன்னு வெச்சுக்குவோம். ரெண்டும் உதாரணத்துக்குத்தான், உங்க சென்டர்ல கேட்டு உங்க நம்பரைப் போடுங்க. வருஷத்துக்கு 4 டைவ் பண்றவருக்கு மிச்சம் ரூ.2,000, சர்வீஸ் ரூ.2,000. போட்ட பணம் எந்தக் காலத்துலயும் திரும்பாது. 10 டைவ் பண்றவருக்கு நிகர மிச்சம் ரூ.3,000, அதாவது ரூ.17,500 திரும்ப ஆறு வருஷம் நெருங்கிடும். 25 டைவ் பண்றவருக்கு ரூ.10,500, ஒரு வருஷம் எட்டு மாசத்துல எடுத்துடுவார். மறுபடி விற்கும்போது ரூ.8,000 வரும்னு நம்பினா, 10 டைவ்காரருக்கு மூணு வருஷம் சொச்சம். (அப்படி விற்கிற காசுக்கு மூலதன ஆதாய வரி இருக்கான்னு கேட்பீங்க. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த பொருள், நகை, ஓவியம் மாதிரி சட்டம் தனியாச் சொன்னதைத் தவிர, மூலதனச் சொத்துல வராது. நிம்மதியா வித்துக்கலாம்.)

தம்பி வருஷத்துக்குப் பன்னெண்டு டைவ் பண்றவர். வெறும் காசுக் கணக்குல இது சுமார்தான். ஆனா அவர் ஒல்லி, வாடகை ஜாக்கெட் ஒவ்வொரு தடவையும் தோள்ல நழுவுதுன்னு புலம்புவார். தன் அளவுக்குப் பொருந்துற, தானே சோதிச்ச ஜாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை எக்செல்ல போட முடியாது. எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இருக்கு, கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. போடலை. வாங்கட்டும்னு சொன்னேன்.

சிலிண்டரை மட்டும் இப்படி வாங்காதீங்க. அது கேஸ் சிலிண்டர் விதிகள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை அழுத்தச் சோதனைன்னு வேற உலகம். சென்டர் சிலிண்டரே போதும்.

பாலிசியை எடுத்துப் படிங்க

டைவ் பண்ற எத்தனை பேர் தங்களோட ஹெல்த் பாலிசியில விலக்கு 09-ஐப் படிச்சிருக்கீங்க? 2019-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விலக்குகளையெல்லாம் ஒரே மாதிரி வார்த்தையில வைக்கச் சொல்லுச்சு. அதுல ஆபத்தான, சாகச விளையாட்டுகள்ங்கிற விலக்குல ஸ்கூபா டைவிங் பேர் சொல்லியே இருக்கு. ஆனா வார்த்தையைக் கவனிங்க: 'தொழில்முறையாக' ஈடுபடும்போது. பொழுதுபோக்கா டைவ் பண்றவர் அந்த வரிக்குள்ள வரமாட்டார். வார இறுதியில டைவ் மாஸ்டரா சம்பளம் வாங்குற ஐ.டி. நண்பர் வருவார். பெர்சனல் ஆக்சிடென்ட், டிராவல் பாலிசிகள்ல வார்த்தை வேற மாதிரி, இன்னும் இறுக்கமா இருக்கலாம். டேர்ம் இன்சூரன்ஸ் ப்ரபோசல்ல ஆபத்தான பொழுதுபோக்கு இருக்கான்னு கேட்டா, ஆமான்னு எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, க்ளெய்ம் நேரத்துல மறைச்சதா சொல்லி உங்க வீட்டுக்காரங்களை அலைய விட இடம் கொடுக்காதீங்க.

வாங்கின பிறகு

ரிப்பேர் முடிஞ்சதும் ராத்திரி டெஸ்ட்டை மறுபடி பண்ணணும், அப்புறம் நீச்சல் குளத்துல ஒரு தடவை, அதுக்கப்புறம்தான் கடல். தம்பி ஜாக்கெட் ரெண்டாவது ராத்திரி கல்லு மாதிரி நின்னுச்சு.

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் வெளியே மட்டும் கழுவினாப் பத்தாது. ஹோஸ் வழியா உள்ளே ரெண்டு லிட்டர் நல்ல தண்ணி விட்டு, குலுக்கி, தலைகீழாப் பிடிச்சு டம்ப் வால்வு வழியா வடிச்சிடுங்க. எங்க வீட்டு போர் தண்ணி பக்கெட்டுல வெள்ளையாப் படியுற ரகம். அதுல கழுவினா கடல் உப்பைக் கழுவிட்டு ஊர் உப்பை ஏத்துன மாதிரி ஆகிடும், கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்துங்க. அப்புறம் பாதி ஊதி, வெயில் படாத இடத்துல அகலமான ஹேங்கர்ல தொங்க விடுங்க. மடிச்சு கார் டிக்கியில போட்டா மடிப்புலதான் முதல் விரிசல் வரும்.

டம்ப் வால்வு கழட்டுறது, அண்டா டெஸ்ட், ஊசித்துளை ஒட்டுறது மூணையும் மாடியிலயே வீடியோ எடுத்திருக்கோம், சேனல்ல ஞாயித்துக்கிழமை வரும். மூணு கேஸுக்கான பிரேக் ஈவன் எக்செல் ஷீட்டும் வீடியோவுக்குக் கீழே இருக்கும். மஞ்சள் கட்டத்துல உங்க சென்டர் ரேட்டையும் வருஷத்துக்கு எத்தனை டைவ்னும் மட்டும் மாத்துங்க, மீதி தானா வந்துடும்.